கலைக்காமல் கலைப்பது எப்படி?

(மருதானையில் மாயவித்தை ஆர்வலர் முன்னிலையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மருதானை, மேடைக்குப் பேர்போன ஊர். 1911ஆம் ஆண்டு டவர் ஹோல் அரங்கு திறக்கப்பட்டது இங்கேதான். பம்பாய்ப் பார்சி நாடகக் குழுக்களின் பாணியில் வளர்ந்த நூர்த்தி நாடகங்களைப் பார்க்கக் கொழும்பு மக்கள் திரண்டு வந்தது இந்தப் பகுதிக்குத்தான். இல்லாத அரண்மனையை இருப்பதாகக் காட்டினார்கள். இல்லாத அரசனை நடமாட விட்டார்கள். மக்கள் மனமொப்பி அழுதார்கள், சிரித்தார்கள். அந்த ஊரில் நின்று, மெய்போலக் காட்டும் இன்னொரு கலையின் மிகச் சிறிய, மிகக் கடினமான ஒரு பகுதியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

இன்றைய பொருள் இதுதான். சீட்டுக்கட்டைக் கலைக்காமலே கலைத்ததாகக் காட்டுவது எப்படி? காட்டினால் மட்டும் போதுமா? பார்ப்பவர் அதை மனதார நம்புவது எப்படி?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொய்க் கலைப்பை நம்பவைப்பது கையின் வேகம் அல்ல. மெய்க் கலைப்பை நாம் எவ்வளவு ஆழமாகப் படித்திருக்கிறோம் என்பதுதான் அதை நம்பவைக்கிறது. மெய்யைப் படித்தவரே பொய்யைச் செய்ய வல்லவர். இந்த ஒரு வாக்கியத்தை நீங்கள் வீட்டுக்குக் கொண்டு போனால், நான் வந்த காரியம் முடிந்தது.

"தொழில் இரகசியத்தை மேடையில் சொல்லலாமா?" என்று சிலர் கேட்கக்கூடும். நான் சொல்லப்போவது நூறாண்டுக்கும் மேலாக அச்சில் இருக்கும் செய்தி. 1902இல் சிக்காகோவில் எஸ். டபிள்யூ. எர்ட்னேஸ் என்ற புனைபெயரில் ஒருவர் சீட்டுக் கையாடல் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவர் யார் என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை. ஆனால் அந்த நூலைப் படிக்காத சீட்டுவித்தைக்காரர் உலகில் அரிது. பொய்க் கலைப்புக்கு அவர் பக்கம் பக்கமாக இடம் கொடுத்திருக்கிறார். புத்தகத்தில் செய்முறை கிடைக்கும். நம்பவைக்கும் திறமை கிடைக்காது. அந்தத் திறமையைப் பற்றித்தான் இன்று பேசுகிறோம்.

முதலில், மெய்க் கலைப்பு என்றால் என்ன? நம் வீடுகளுக்கே போவோம்.

நம்மவரின் ஆட்டம் முந்நூற்றுநான்கு. 32 சீட்டு. நான்கு பேர், எதிரெதிரே உட்கார்ந்த இரண்டு சோடி. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2; எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரு சாதிக்கு 76, நான்கு சாதிக்கும் சேர்த்து 304. புள்ளிதான் ஆட்டத்தின் பெயர். சித்திரைப் புத்தாண்டு விடுமுறையிலும் ஆடுகிறோம். செத்தவீட்டில் இரவு முழுக்கக் கண்விழித்திருக்கவும் ஆடுகிறோம். சிங்களச் சகோதரர்கள் அதே 32 சீட்டை எடுத்து ஓமி ஆடுகிறார்கள். எந்த ஆட்டமானாலும் தொடக்கம் ஒன்றுதான்: ஒருவர் கலைப்பார், பக்கத்தில் இருப்பவர் வெட்டுவார், பிறகுதான் சீட்டுப் போடுவது.

எப்படிக் கலைக்கிறோம்? ஒரு கை கட்டின் ஒரு முனையை மேலிருந்து விரல்நுனியால் பிடிக்கிறது. மற்றக் கை கட்டின் மேலிருந்து சிறிது சிறிதாக இழுத்து உள்ளங்கையில் விழுத்துகிறது. சட், சட், சட் என்று சத்தம் கேட்கிறது. ஏழு எட்டு இழுப்பில் கட்டு முடிகிறது. சொல்லிக் கொடுத்து நாம் இதைப் படிக்கவில்லை. மாமாவின் கையைப் பார்த்து, அண்ணனின் கையைப் பார்த்துப் பழகினோம். மேல்நாட்டு மாயவித்தை நூல்கள் இதை "இந்து ஷஃபிள்" என்று தனி அத்தியாயம் போட்டு விளக்குகின்றன. அங்கே அது படிக்க வேண்டிய நுட்பம். இங்கே அது பிறந்த வீட்டுப் பழக்கம். இந்த உண்மையை நினைவில் வையுங்கள். சற்று நேரத்தில் இதற்குத் திரும்பி வருவோம்.

கலைப்பு எதைக் கலைக்கிறது? 52 சீட்டை எத்தனை விதமாக அடுக்கலாம் தெரியுமா? அந்த எண்ணுக்கு 68 இலக்கங்கள். நம் முந்நூற்றுநான்குக் கட்டின் 32 சீட்டுக்கே 36 இலக்கங்கள். இவ்வளவு பெரிய கடலில் எந்த அடுக்கு வரும் என்று யாருக்கும் தெரியாமல் செய்வதுதான் கலைப்பின் வேலை.

ஆனால் நம் கலைப்பு அதைச் செய்கிறதா? பேர்சி டயாகோனிஸ் என்ற அமெரிக்கர், பதினான்கு வயதில் வீட்டை விட்டு, டாய் வேர்னன் என்ற சீட்டுவித்தை மேதையின் பின்னால் போனவர். பிற்காலத்தில் பெரும் கணிதப் பேராசிரியர் ஆனார். கட்டை இரண்டாகப் பிரித்து நுனிகளைச் சரசரவென்று ஒன்றுக்குள் ஒன்று விழச் செய்யும் கலைப்பை ஏழு தடவை செய்தால், 52 சீட்டும் போதிய அளவு கலையும் என்று டேவ் பேயர் என்ற கணிதவியலாளரும் அவரும் 1992இல் நிறுவினார்கள். கட்டுக் கட்டாக இறக்கிக் கலைக்கும் முறைக்கோ ஏறத்தாழ 10,000 தடவை வேண்டும் என்பது கணக்கு. நாம் செய்வது எத்தனை? இரண்டு தடவை, மூன்று தடவை. அவ்வளவுதான்!

அப்படியென்றால் மேசையைச் சுற்றி இருக்கும் நால்வரும் ஏன் திருப்திப்படுகிறார்கள்? சீட்டு கலைந்துவிட்டது என்று யார் சோதித்தார்கள்? எவரும் சோதிக்கவில்லை. தெரிந்த அசைவைக் கண்டார்கள், தெரிந்த சத்தத்தைக் கேட்டார்கள், நம்பினார்கள். அன்பர்களே, நம்பிக்கை பிறக்கும் இடம் சீட்டில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. பொய்க் கலைப்பு முழுவதும் இந்த ஒரு கல்லின் மேல் கட்டப்பட்டது.

இனி, பொய்க் கலைப்பின் எலும்புக்கூட்டைப் பார்ப்போம். அது வியப்பூட்டும் அளவுக்கு எளியது.

வட்டமாக உட்கார்ந்து கைகோத்திருக்கும் பத்துப் பிள்ளைகளை நினையுங்கள். முதலாம் பிள்ளையிலிருந்து எண்ணினாலும் ஐந்தாம் பிள்ளையிலிருந்து எண்ணினாலும், யாருக்குப் பக்கத்தில் யார் என்பது மாறுமா? மாறாது. சீட்டுக்கட்டை வெட்டுவதும் அதுவே. ஒன்று முதல் பத்து வரை அடுக்கிய கட்டில் மேல் நான்கை எடுத்துக் கீழே போட்டால், ஐந்திலிருந்து பத்து வரை வந்து, பிறகு ஒன்று முதல் நான்கு வரும். தொடக்கம்தான் நகர்ந்தது. வரிசை குலையவில்லை. இன்னொரு தடவை வெட்டுங்கள், இருபது தடவை வெட்டுங்கள், வட்டம் அறுவதில்லை. பல பொய்க் கலைப்புகளின் உட்பொருள் இதுதான்: கலைப்பின் உடையைப் போட்டுக்கொண்ட வெட்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டனில் உலவிய சார்லியே என்ற வித்தைக்காரரின் பெயரால் ஒரு கலைப்பு இருக்கிறது. இடக்கைக் கட்டின் மேலிருந்து சில சீட்டை வலக்கைக்குத் தள்ளுகிறோம். அடுத்து இடக்கைக் கட்டின் அடியிலிருந்து சிலவற்றை வலக்கைச் சீட்டின் மேல் தள்ளுகிறோம். மறுபடி மேலிருந்து எடுத்து அடியில், அடியிலிருந்து எடுத்து மேலே. பார்ப்பவருக்குச் சீட்டு தாறுமாறாகப் புகுவதாகத் தோன்றும். சீட்டை எடுத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதிச் செய்து பாருங்கள். வட்ட வரிசை அப்படியே இருக்கும்!

கட்டு முழுவதையும் காக்கத் தேவையில்லாத இடமும் உண்டு. நமக்கு வேண்டியது நான்கு ஆஸ் மட்டும் என்றால், அவற்றை அடியில் வைத்துக்கொண்டு நம் வீட்டுக் கலைப்பைச் செய்யலாம். மேலிருந்து இழுத்து விழுத்தும் சீட்டெல்லாம் மெய்யாகவே இடம் மாறும். கடைசியாகக் கையில் மிஞ்சும் அடிக்கட்டு பிரியாமல் மேலே வந்து உட்காரும். இங்கே பத்தில் ஒன்பது பங்கு மெய், ஒரு பங்குதான் பொய். மெய்யின் பங்கு கூடக் கூடப் பொய் பத்திரமாகிறது. இதுவும் நம் தொழிலின் பெரிய பாடம்.

செய்முறை இவ்வளவுதான். ஒரு வாரத்தில் கை பழகிவிடும். ஆனால் நம்பவைக்க? அதற்கு நான்கு பாடங்களைச் சொல்கிறேன்.

முதலாவது பாடம்: உங்கள் ஊர்க் கையை விட்டு வெளியே போகாதீர்கள்.

அமெரிக்கர் ஹேர்ப் சாரோ ஒரு பொய்க் கலைப்பைக் கண்டுபிடித்தார். மேசைமேல் இரண்டு பாதியும் ஒன்றுக்குள் ஒன்று புகுவது கண்ணுக்குத் தெரியும், ஆனால் கட்டின் வரிசை கலையாமல் நிற்கும். உலகம் போற்றும் நுட்பம் அது. ஆனால் அது பிறந்த இடம் எது? சீட்டாட்டத்துக்கென்றே துணி விரித்த மேசை. வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டு விறாந்தையில், பாயில் சம்மணமிட்டு, முந்நூற்றுநான்கு ஆடிப் பழகிய பெரியவர் முன்னால் திடீரென்று அந்தக் கலைப்பைச் செய்தால் அவர் என்ன நினைப்பார்? "தம்பி விண்ணன். எதையும் செய்வான்" என்று நினைப்பார். அந்த நொடியிலேயே உங்கள் வித்தை தோற்றுவிட்டது. உங்கள் கையைப் பாராட்டுபவர் உங்கள் கையைச் சந்தேகிப்பவர். அதே பெரியவர் முன்னால் அவருடைய வீட்டுக் கலைப்பை, அவர் செய்யும் வேகத்தில் செய்யுங்கள். அவர் பார்க்கவே மாட்டார். நமக்கு வேண்டியது அதுதானே? பிறந்த வீட்டுப் பழக்கம் என்று சொன்னேனே, அது நம் கையில் இருக்கும் பெரும் முதல். அதைத் தள்ளிவிட்டுத் திரைப்படத்தில் கண்ட பகட்டைத் தேடி ஓட வேண்டாம்.

இரண்டாவது பாடம்: வேகத்தைக் கும்பிடாதீர்கள்.

ஆர்ஜென்ரீனாவில் ரெனே லவாந் என்ற பெரும் கலைஞர் இருந்தார். 1928இல் பிறந்து 2015இல் மறைந்தவர். ஒன்பது வயதில் விபத்தில் வலக்கையை இழந்தவர். ஒற்றை இடக்கையால் சீட்டைக் கலைத்தார், வெட்டினார், வித்தை காட்டினார். அதையும் மெதுவாக, மேலும் மெதுவாகக் காட்டினார். கையின் வேகம்தான் மாயவித்தை என்றால் அவர் எப்படி உலகை வென்றார்? மெய்க் கலைப்பு என்ன தாளத்தில் போகிறதோ, பொய்க் கலைப்பும் அதே தாளத்தில் போக வேண்டும். மெய்யில் நடுவே ஒரு சீட்டு நழுவினால் பொய்யிலும் எப்போதாவது நழுவட்டும். மெய்யில் தோள் தளர்ந்திருந்தால் பொய்யிலும் தளர்ந்திருக்கட்டும். மூச்சை அடக்காதீர்கள். சத்தத்தையும் கவனியுங்கள். கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் செய்து பாருங்கள். காதுக்கு வித்தியாசம் தெரிந்தால், பார்ப்பவருக்கும் ஏதோ ஒன்று உறுத்தும்.

மூன்றாவது பாடம்: கையைப் பார்க்காதீர்கள்.

2006இல் இங்கிலாந்தில் கஸ்டவ் கூன், மைக்கல் லாண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். வித்தைக்காரர் பந்தை மேலே எறிந்து எறிந்து பிடிக்கிறார். கடைசித் தடவை எறிவது போலப் பாவனை மட்டும் செய்கிறார். பந்து கையில்தான் இருக்கிறது. அவர் முகம் மேலே போகாத பந்தைப் பின்தொடர்ந்து மேலே போனபோது, பார்த்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பந்து மேலே போய் மறைந்ததைக் கண்டதாகச் சொன்னார்கள். அவர் தன் கையையே பார்த்தபோது அப்படிச் சொன்னவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். பந்து ஒன்று, கை ஒன்று. மாறியது பார்வை மட்டும்!

முந்நூற்றுநான்கு ஆடும்போது கலைப்பவர் தன் கையைப் பார்க்கிறாரா? போன ஆட்டத்தில் துரும்பை ஏன் அப்படி இறக்கினாய் என்று எதிரே இருப்பவரோடு வழக்காடிக்கொண்டே கலைக்கிறார். நீங்களும் எதிரே இருப்பவர் முகத்தைப் பாருங்கள். அவரிடம் உண்மையான ஒரு கேள்வி கேளுங்கள். அவர் பதிலை உண்மையாகவே கேளுங்கள். அமெரிக்காவின் ரிச்சர்ட் டேர்னர் சிறுவயதிலேயே பார்வையை இழக்கத் தொடங்கியவர். இன்று சீட்டுக் கையாடலில் உலகம் வணங்கும் பெயர் அவருடையது. அவரைப் பற்றி 2017இல் ஓர் ஆவணப்படமே வந்திருக்கிறது. அவருடைய விரல்களுக்குக் கண்ணின் காவல் வேண்டியதில்லை. உங்கள் விரல்களும் அந்த நிலைக்கு வரும்வரை பொய்க் கலைப்பை எவர் முன்னாலும் செய்யாதீர்கள்.

நான்காவது பாடம்: நிரூபிக்க முயலாதீர்கள்.

"பாருங்கள், நன்றாகக் கலைக்கிறேன், மீண்டும் கலைக்கிறேன்!" என்று எந்தச் சீட்டாட்டக்காரராவது சொல்லி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? எவரும் சந்தேகிக்காதபோது சத்தியம் செய்தால் சந்தேகம் பிறக்கும். ஒழுங்கு குலைந்ததென்று வாயால் சொல்லத் தேவையில்லை. அது தானாகத் தெரிய வேண்டும். சுவீடனின் லெனார்ட் கிறீனைப் பாருங்கள். சீட்டைச் சிந்துவார், கொட்டுவார், அள்ளுவார். இவ்வளவு அலங்கோலத்தில் என்ன ஒழுங்கு நிற்க முடியும் என்று தோன்றும். 1988இல் ஹேக் நகரில் நடந்த உலகப் போட்டியில், சீட்டைக் கலைக்க வந்த பார்வையாளர்கள் அவருடைய ஆட்களாக இருக்க வேண்டும் என்று கருதி நடுவர்கள் அவரை விலக்கினார்கள். 1991இல் லொசான் நகருக்கு அவர் மீண்டும் வந்தார். இம்முறை நடுவர்களையே கலைக்கச் சொன்னார். சீட்டுவித்தையில் முதற்பரிசு அவருக்குத்தான்!

இதிலிருந்து நமக்கு என்ன கிடைக்கிறது? வரிசை தேவைப்படாத முதல் வித்தையில் கட்டைப் பார்வையாளர் கையில் கொடுங்கள். ஆசை தீரக் கலைக்கட்டும். வரிசை தேவைப்படும் வித்தைக்கு வரும்போது நீங்கள் சும்மா பேச்சோடு பேச்சாக ஒரு தடவை கலைத்தால் போதும். இரவு வீடு திரும்பும்போது அவர் என்ன சொல்வார்? "கட்டை நானே கலைத்தேன்" என்பார். இரண்டு கலைப்பும் அவர் நினைவில் ஒன்றாகிவிடும். பொய்க் கலைப்பு வெல்லும் கடைசி இடம் அந்த நினைவுதான்.

நான்கு பாடங்களையும் சேர்த்துப் பாருங்கள். ஊர்க் கையைப் படி, தாளத்தைப் படி, பார்வையைப் படி, மனத்தைப் படி. நான்கிலும் படிப்பது எதை? மெய்யை! மெய்யைப் படித்தவரே பொய்யைச் செய்ய வல்லவர்.

இனி, நான் மிகவும் மதிக்கும் விடயத்துக்கு வருகிறேன். இவ்வளவு நம்பும்படி பொய் செய்யக் கற்பிக்கிறோமே, இது நியாயமா?

இந்தக் கேள்வியைக் கொழும்புத் தமிழர் தட்டிக்கழிக்க முடியாது. நம் வெள்ளவத்தைக்கு அருகே, பாமன்கடையில் வாழ்ந்தவர் கலாநிதி ஆபிரகாம் கோவூர். கேரளத்துத் திருவல்லாவில் 1898இல் பிறந்து, 1928இல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தொடங்கி, இந்த நாட்டின் பல கல்லூரிகளில் விஞ்ஞானம் கற்பித்தவர். ஓய்வுபெற்றபின் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராக நின்றார். 1963இல் ஓர் அறைகூவல் விடுத்தார்: ஏமாற்ற இடமில்லாத சூழலில் அற்புதம் செய்து காட்டுபவருக்கு ஒரு இலட்சம் ரூபா! உறையிலிட்டு மூடிய நாணயத்தாளின் இலக்கத்தைப் படித்தாலும் போதும். 1978இல் அவர் கண்மூடும்வரை அந்தப் பணத்தை எவரும் வெல்லவில்லை.

கோவூர் யாரை எதிர்த்தார்? கைத்திறமையை எதிர்த்தாரா? இல்லை. கைத்திறமையைத் தெய்வசக்தி என்று விற்று, துன்பத்தில் வந்தவரின் பணத்தையும் நிம்மதியையும் பறித்தவர்களை எதிர்த்தார்.

ஒரே பொய்க் கலைப்பை மூன்று பேர் செய்யலாம். சூதாடி செய்தால் எதிரே இருப்பவரின் சம்பளம் போகிறது. குறிசொல்லி செய்தால் கேட்க வந்தவரின் அறிவு போகிறது. மாயவித்தைக்காரர் செய்தால் எவருக்கு என்ன போகிறது? ஒன்றும் போவதில்லை. "உங்களை ஏமாற்றப் போகிறேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தானே அவர் மேடை ஏறுகிறார்? அசைவு ஒன்றே, அதைக் கலையாக்குவதும் களவாக்குவதும் அந்த உடன்படிக்கைதான். சூதாடியும் குறிசொல்லியும் அந்த உடன்படிக்கையைச் செய்வதில்லை. ஆகவே தம்பி தங்கைமாரே, இந்தக் கையைப் பழகியவர் காசு வைத்து ஆடும் மேசையில் உட்காரக் கூடாது. விளையாட்டுக்கு ஆடினாலும் கலைக்கும் முறை வரும்போது கட்டைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். எனக்கு மனத்தைப் படிக்கும் சக்தி இருக்கிறது என்று துன்பத்தில் இருக்கும் எவரிடமும் சொல்லாதீர்கள்.

பொய்க் கலைப்பைக் கற்றவருக்கு இன்னொரு கடமையும் இருக்கிறது. பழக்கமான அசைவைக் கண்டதும் மனம் சோதிக்காமல் நம்பிவிடுகிறது என்று பார்த்தோம். இது சீட்டோடு நிற்கும் குணமா? காவி உடையைக் கண்டால் நம்புகிறோம். வெள்ளைக் கோட்டைக் கண்டால் நம்புகிறோம். முத்திரை குத்திய கடதாசியைக் கண்டால் நம்புகிறோம். வெளிநாட்டு வேலை என்று ஆசை காட்டுபவரும் குறுஞ்செய்தியில் பரிசு விழுந்ததென்று சொல்பவரும் நமக்குத் தெரிந்த அசைவையும் சத்தத்தையும்தான் காட்டுகிறார்கள். கலைப்பைக் கண்டவுடன் கலைந்துவிட்டது என்று முடிவெடுக்கும் அதே மனம்தான் அங்கேயும் ஏமாறுகிறது. இதை நம் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பாகக் கற்பிக்க, 32 சீட்டும் ஒரு நல்ல ஆசிரியரும் போதும். பாடசாலை தோறும் ஒரு மாயவித்தைக் கழகம் வேண்டும் என்று நான் கேட்பது இதற்காகத்தான்.

நாளைக் காலையில் எங்கே தொடங்குவது? கட்டை எடுங்கள். பொய்க் கலைப்பை ஒரு பக்கம் வையுங்கள். முதலில் நீங்கள் மெய்யாகக் கலைப்பதைக் கைபேசியில் படம் பிடியுங்கள். எத்தனை இழுப்பு, எந்தத் தாளம், கண் எங்கே, வாய் என்ன பேசுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பொய்யைப் படம் பிடியுங்கள். இரண்டையும் உங்கள் அம்மாவிடம் காட்டி, எது எது என்று கேளுங்கள். அவர் சரியாகச் சொல்லிவிட்டால் இன்னும் பழகுங்கள். "இரண்டும் ஒன்றுதானே, இதை ஏன் எனக்குக் காட்டுகிறாய்?" என்று அவர் சலித்துக்கொண்டால், உங்கள் கலைப்பு மேடைக்குத் தயார். வாருங்கள், இந்த மருதானையிலேயே உங்களுக்கு மேடை போட்டுத் தருகிறோம்.